வெயில் குடித்ததா, விரிசல் குடித்ததா?

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம் பக்கத்தில் என் மச்சானுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. தைலமரக் காட்டை ஒட்டிய செம்பூரான் மண். பேரப்பிள்ளைகள் நீந்தப் பழகட்டும் என்று அங்கே ஒரு நீச்சல் குளம் கட்டினார். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், ஆழமான பக்கம் ஒன்றரை மீட்டர். இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் வருடம் சித்திரையில் ஃபோன் வந்தது. "மாப்ள, தினமும் ஒரு விரக்கடை தண்ணி காணாமப் போகுது."

யார் குடித்தது என்பதில் தோப்புக்குள் மூன்று கட்சிகள். "இந்த வெயிலுக்கு மனுசனே வத்திப்போறான், தண்ணி வத்தாதா?" என்றார் காவலுக்கு இருக்கும் பெரியவர். பக்கத்துத் தோட்டக்காரர் பழியைத் தைலமரத்தின் மேல் போட்டார். எங்கள் பக்கத்தில் எந்தத் தண்ணீர் காணாமல் போனாலும் முதல் சந்தேகம் அதன் மேல்தான். மூன்றாமவர், குளம் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர். கரையில் நின்று பார்த்தார், பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: "டைல்ஸ் ஜாயின்ட் விட்டுருச்சு சார். தண்ணிய எறைச்சிட்டு, மொத்தத்தையும் ஒடைச்சு, வாட்டர்புரூஃபிங் பண்ணிறலாம்."

மூவரில் யார் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மூவருமே எதையும் அளக்கவில்லை.

வாளியின் சாட்சி

கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகளில் மலிவானது ஒரு பிளாஸ்டிக் வாளி. குளத்தின் படிக்கட்டில் அதை வைத்து, நகராமலிருக்க உள்ளே ஒரு கல்லைப் போட வேண்டும். குளத்துத் தண்ணீரையே மொண்டு, வெளியே குளம் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்துக்கு வாளியை நிரப்ப வேண்டும். பிறகு வாளியின் உட்புறம் ஒரு கோடு, வெளிப்புறம் ஒரு கோடு. தானாக நிரப்பும் வால்வு இருந்தால் மூடிவிட்டு, யாரும் இறங்காமல் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

வாளிக்குள் இருப்பதும் குளத்தில் இருப்பதும் ஒரே தண்ணீர். ஒரே வெயில், ஒரே காற்று. பாதி மூழ்கியிருப்பதால் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே வித்தியாசம், வாளியில் ஓட்டை இல்லை. ஆகவே வாளியில் குறைவது வெயில் குடித்தது. குளத்தில் அதைவிடக் கூடுதலாகக் குறைவது வேறு யாரோ குடித்தது. ஆய்வுக்கூடத்தில் 'ஒப்பீட்டுச் சோதனை' என்று சொல்வார்களே, அதன் மொத்தத் தத்துவமும் இந்த வாளிக்குள் அடங்கிவிடுகிறது.

மச்சானின் குளத்தில் மறுநாள் பார்த்தோம். வாளிக்குள் 7 மி.மீ. இறங்கியிருந்தது. குளம் 24 மி.மீ. இறங்கியிருந்தது. வித்தியாசம் 17 மி.மீ.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மி.மீ. உயரத் தண்ணீர் என்பது சரியாக ஒரு லிட்டர். குளத்தின் பரப்பு 50 சதுர மீட்டர். ஆக, ஒவ்வொரு மி.மீ.யும் 50 லிட்டர். வெயில் தினமும் 350 லிட்டர் குடிக்கிறது, வேறு யாரோ 850 லிட்டர் குடிக்கிறார்கள். பெரியவர் சொன்னதில் சுமார் பத்தில் மூன்று பங்கு உண்மை இருந்தது.

வெயிலுக்கு எவ்வளவு குடிக்க முடியும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் தேவை. நம் பக்கத்துச் சித்திரை வெயில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சுமார் 22 மெகாஜூல் கொட்டுகிறது. முழுவதும் ஆவியாக்கவே செலவானாலும் 9 மி.மீ.தான். அதிலும் ஒரு பகுதி தரைக்கும் வானுக்கும் திரும்பிப் போய்விடும். வறண்ட காற்று பக்கத்து நிலத்தின் சூட்டை அள்ளிக்கொண்டு வந்தால் கணக்கு கொஞ்சம் ஏறும். எப்படிப் பார்த்தாலும் 24 மி.மீ.யைச் சூரியன் தலையில் கட்ட முடியாது.

சூட்டோடு காற்றும் சேர்ந்துதான் ஆவியாதலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று 1802இல் ஜான் டால்டன் காட்டினார். மலையைத் தாண்டி வறண்டு வரும் நம் ஆடிக் காற்று சித்திரை வெயிலுக்கு இளைத்ததல்ல. பகலெல்லாம் சூடேறிய குளம் இரவிலும் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். "ராத்திரியிலும் குறையுது, அதனால லீக்குதான்" என்று ஒருவர் சொன்னால் அவர் டால்டனைக் கேட்கவில்லை என்று பொருள்.

வானிலை ஆய்வு நிலையங்களிலும் இந்த வாளியின் அண்ணன் ஒன்று உண்டு. சுமார் 1.2 மீட்டர் விட்டமும் கால் மீட்டர் ஆழமும் கொண்ட வட்டத் தட்டு. அதில் நீர் எவ்வளவு இறங்குகிறது என்று தினமும் அளக்கிறார்கள். நம் நாட்டில் அதன் மேல் கம்பி வலை போட்டிருக்கும். காக்கை குடித்த தண்ணீரை வெயில் கணக்கில் எழுதிவிடக் கூடாதல்லவா!

ஒரு சிறு துளையின் பசி

850 லிட்டர் என்றதும் மச்சானின் முகம் மாறிவிட்டது. "அவ்வளவு போகணும்னா குளமே பொளந்திருக்கணுமே மாப்ள?"

தேவையில்லை. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டாரிச்செல்லி ஓர் உண்மையைச் சொன்னார். தொட்டியின் துளை வழியே பாயும் நீரின் வேகம், துளைக்கு மேலே நிற்கும் நீரின் உயரத்திலிருந்து கீழே விழும் ஒரு கல்லின் வேகத்துக்குச் சமம். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அது விநாடிக்கு 5.4 மீட்டர். அங்கே 2 மி.மீ. விட்டத்தில், ஒரு சிறு ஆணி போகும் அளவுக்குத் துளை இருந்து, அந்தப் பக்கம் தடையில்லாமல் நீர் வெளியேற இடமிருந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 880 லிட்டர் போய்விடும். விட்டம் இருமடங்கானால் இழப்பு நான்கு மடங்கு.

துளைக்குப் பின்னால் மண் இருந்தால் கதை வேறு. 1856இல் பிரான்சின் திஜோன் நகரக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி எழுதும்போது ஹென்றி டார்சி மணலுக்குள் நீர் நகரும் விதியை வகுத்தார். மண்ணின் ரகத்தைப் பொறுத்து அந்த வேகம் பிரமாண்டமாக மாறும். இறுகிய களிமண்ணை விட மணலில் நீர் லட்சம் மடங்கு வேகமாகப் போகலாம். துளைகள் நிறைந்த செம்பூரான் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும். மேலே ஈரம்கூடத் தெரியாது. "எங்கயும் நசநசப்பு இல்லையே, அப்ப லீக் இல்லை" என்ற வாதம் வயல்வெளிக் களிமண்ணில் எடுபடலாம். அரிமளத்தில் எடுபடாது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கண்மாய்க்காரர்களுக்கு இது பழைய பாடம். கவிநாட்டுக் கண்மாய் போன்ற பெரிய நீர்நிலைகளும், கல்வெட்டுப் பொறித்த குமிழித் தூம்புகளும் உள்ள மண் இது. கரையின் வெளிப்புறத்தில் ஊற்றுப் போல் கசிவது தெளிந்த நீராக இருந்தால் மடை பார்ப்பவர் கவனித்துக்கொண்டே இருப்பார். கலங்கலாக வந்தால் மண்வெட்டியோடு ஓடுவார். தெளிந்த நீர் கரையைக் கடந்து வருகிறது, கலங்கிய நீர் கரையையே அரித்துக் கொண்டுவருகிறது. எவ்வளவு கசிகிறது என்பதோடு என்ன கொண்டுவருகிறது என்பதையும் அவர்கள் படித்தார்கள்.

பெரிய அணைகளிலும் அதே படிப்புதான். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டி 1895இல் முடித்த முல்லைப்பெரியாற்றில், ஆய்வுக்குச் செல்லும் குழுவினர் கசிவு நீரின் அளவை அணையின் நீர்மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மட்டத்தோடு கசிவும் ஏறி இறங்கினால் அது எதிர்பார்த்த நடத்தை. மட்டம் மாறாமல் கசிவு மட்டும் ஏறினால்தான் கவலை. கசியவே கசியாத அணை கிடையாது. கசிவை அளக்காத அணைதான் ஆபத்து.

பம்பு ஓடும்போதா, நிற்கும்போதா?

இதற்குள் மச்சான் திருச்சியிலிருந்து இன்னொருவரை வரவழைத்திருந்தார். வந்தவர் குளத்தைப் பார்ப்பதற்கு முன் கேள்வி கேட்டார். "வாளி வச்சீங்களா சார்? அப்ப பம்பு ஓடுச்சா, நின்னுச்சா? பேக்வாஷ் லைன்ல தண்ணி சொட்டுதா, பார்த்தீங்களா?"

கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. மணல் வடிகட்டியைக் கழுவுவதற்கான வால்வின் உள்ளே ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கும். அது தேய்ந்தால் பம்பு ஓடும் நேரமெல்லாம் குளத்து நீர் சத்தமில்லாமல் கழிவுக் குழாயில் போகும். குளத்தில் விரிசலே இருக்காது, டைல்ஸை உடைத்தாலும் பயன் இருக்காது. அந்தக் குழாயின் வாயில் காய்ந்த சிமென்ட்தூசி அப்படியே இருந்ததால் சந்தேகப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்தோம்.

முதல் சோதனையின்போது பம்பு வழக்கம்போல் ஓடியிருந்ததால், அடுத்து அதை ஒரு முழுநாள் நிறுத்திவிட்டு வாளிச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார். பம்பிலிருந்து குளத்துக்குத் தண்ணீரைத் தள்ளும் குழாய்கள் பம்பு ஓடும்போது அழுத்தத்தில் இருக்கும். அவற்றில் ஓட்டை என்றால் ஓடும்போது இழப்பு அதிகம், நிறுத்தினால் குறையும். குளத்திலிருந்து பம்புக்கு உறிஞ்சும் குழாயில் ஓட்டை என்றால் பெரும்பாலும் தலைகீழ். ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும், திரும்பி வரும் நீரில் குமிழி தெரியும். நிறுத்தினால் தண்ணீரை வெளியே விடும். ஓடினாலும் நின்றாலும் ஒரே இழப்பு என்றால் குழாயை விட்டுவிட்டுக் குளத்தின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

பம்பை நிறுத்தியபோது வாளியில் 7, குளத்தில் 23. ஏறத்தாழ அதே கணக்கு. ஒரு மண்வெட்டிகூட எடுக்காமல், தரைக்கடியில் ஓடும் குழாய்களில் பெரும்பகுதியை வழக்கிலிருந்து விடுவித்தாகிவிட்டது.

நீர்மட்டமே சாட்சி சொல்லும் முறையும் ஒன்று உண்டு. தண்ணீரை நிரப்பாமல் விட்டால் மட்டம் இறங்கி இறங்கி ஓட்டையின் உயரத்தில் நின்றுவிடும், பிறகு வெயில் மட்டுமே குடிக்கும். மேலே மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மரின் வாய்க்கு நேரே நின்றால் ஸ்கிம்மர் மேல் சந்தேகம். ஆனால் ஓட்டை அரை மீட்டர் ஆழத்தில் இருந்தால் இதற்கே ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

சாயம் காட்டிய வழி

அப்படி மாதக்கணக்கில் காத்திருக்காமல் ஓட்டையைப் பிடிக்கச் சுருக்கு வழி சாயம். பம்பை நிறுத்தி, நீர் அசைவில்லாமல் அடங்கும்வரை பொறுத்திருந்து, ஊசியில்லாத ஒரு சிரிஞ்சில் சாயத்தை எடுத்துச் சந்தேகமான இடத்தின் அருகே மெல்ல விடுவார்கள். கசிவில்லாத இடத்தில் சாயம் புகைபோல் அப்படியே மிதக்கும். கசிவுள்ள இடத்தில் நூலாகி உள்ளே போகும்.

இந்தத் தந்திரத்துக்குப் புகழ் தேடித் தந்தது ஓர் ஆறு. ஜெர்மனியில் இம்மென்டிங்கன் அருகே டான்யூப் நதியின் நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் மறைந்துவிடும். அது எங்கே போகிறது? 1877இல் அந்த இடத்தில் பத்துக் கிலோ ஒளிர்சாயத்தைக் கலந்தார்கள். சுமார் 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆக் நதியின் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. ரைன் நதிக்குப் போகிற தண்ணீர் அது. பூமிக்கடியில் ஒரு நதி இன்னொரு நதியின் தண்ணீரைத் திருடியதற்குச் சாயம்தான் சாட்சி.

மச்சானின் குளத்தில் திருச்சிக்காரர் கண்ணாடி மாட்டி இறங்கினார். ஸ்கிம்மரின் ஓரம் சாயம் மிதந்தது. தண்ணீர் திரும்பிவரும் வாய்களில் மிதந்தது. ஒப்பந்தக்காரர் குற்றம் சாட்டிய டைல்ஸ் இணைப்புகளில் ஏழெட்டு இடம் பார்த்தார், எல்லாவற்றிலும் மிதந்தது. பிறகு மின்சாரத்தை மெயினிலேயே துண்டித்ததை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு நீருக்கடி விளக்கைக் கழற்றினார். விளக்குக்குப் பின்னே உள்ள குழிவில் ஒயர் போகும் பைப்பின் வாய் இருந்தது. அதனருகே சிரிஞ்சை நீட்டியதும் நீலச் சாயம் ஒரு கணம் தயங்கியது. அடுத்த கணம் யாரோ உறிஞ்சியது போல் உள்ளே போய்விட்டது.

விளக்குக் குழிவு எப்போதும் நீர் நிறைந்திருக்கும் இடம்தான். ஒயர் நுழையும் பைப்பின் வாயை மட்டும் இறுக அடைத்திருக்க வேண்டும். அந்த அடைப்பு சுருங்கிப்போய், தண்ணீர் அந்தப் பைப் வழியே மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. நீருக்குள்ளேயே இறுகும் எபாக்சி மாவை அவர் பிசைந்து அடைக்க அரை மணி நேரம் ஆனது.

காதும் கருவியும்

எல்லா வழக்கும் இவ்வளவு எளிதில் முடியாது. ஓட்டை குழாயில் என்றால் அதன் இரு முனைகளையும் அடைத்து, அழுத்தமானி பூட்டி, நீரை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிலர் நீருக்குப் பதில் காற்றை ஏற்றுவார்கள். இறுக்கிய காற்று வில்லைப் போல் ஆற்றலைச் சேர்த்து வைக்கும், அடைப்பு பிய்த்துக்கொண்டால் ஆளைத் தாக்கும். "எவ்வளவு அழுத்தம் கொடுப்பீர்கள்?" என்ற கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

ஓட்டை இருப்பது உறுதியான பிறகு அது எங்கே என்று கண்டுபிடிப்பது காதின் வேலை. அழுத்தத்தோடு வெளியேறும் நீர் சீறும். அந்தச் சீறலைத் தரையில் வைத்த ஒலிவாங்கி பெரிதாக்கித் தரும். குழாயின் இரு முனைகளில் இரண்டு ஒலிவாங்கிகளை வைத்து, ஒலி எதற்கு எவ்வளவு முந்தி வந்தது என்று கணக்கிட்டு இடத்தைச் சொல்லும் கருவியும் உண்டு. ஆனால் இரும்புக் குழாயில் ஒலி வெகுதூரம் போகும், பி.வி.சி. குழாய் அதை விழுங்கிவிடும். நம் பக்கத்துக் குளங்களில் இருப்பது பெரும்பாலும் பி.வி.சி. இந்தக் குறையைத் தானாகவே சொல்பவர் கருவியை அறிந்தவர். "மெஷின் எல்லாத்தையும் காட்டிரும் சார்" என்பவர் வெறுமனே அதைச் சுமந்து வந்தவர்.

வெப்பக் கேமராவும் அப்படித்தான். அது மண்ணுக்கடியில் எதையும் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் சூட்டை மட்டும் பார்க்கிறது. ஈரமான இடம் குளிர்ந்து தெரியும் என்பது உண்மை. உச்சி வெயிலில் காய்ந்த டைல்ஸின் மேல் அதைப் பிடித்து முடிவு சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

எறைக்காதீர்கள்

நார்த்தாமலையின் கருங்கல் மேட்டில் ஒரு சுனை இருக்கிறது. அதன் அடியில் நீரில் மூழ்கிய ஒரு சிவலிங்கம். தண்ணீரை இறைத்தால்தான் கண்ணில் படும். நீச்சல் குளத்தின் கசிவு இதற்கு நேர்மாறானது. தண்ணீர் இருக்கும்வரைதான் அதைப் பிடிக்க முடியும். இறைத்துவிட்டால் அழுத்தம் போய்விடும், சாயம் ஓடாது, சீறல் கேட்காது, சாட்சியெல்லாம் கலைந்துவிடும்.

வெறும் குளத்துக்கு இன்னொரு கண்டமும் உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது குளத்தைக் காலி செய்தால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி குளமே ஒரு படகு. 50 சதுர மீட்டர் அடித்தளத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், 50 டன் விசை கீழிருந்து தள்ளும். கான்கிரீட்டின் கனம் அதைத் தாங்காவிட்டால் தரை வெடிக்கும், அல்லது குளமே மேலே எழும்பும். வந்தவுடன் "மொதல்ல தண்ணிய எறைச்சிருவோம்" என்பவர் சாட்சியை மட்டும் அழிக்கவில்லை, சில இடங்களில் குளத்தையும் சேர்த்து அழிப்பார்.

யாரை நம்புவது?

நீர் தேக்கும் கான்கிரீட் கட்டுமானங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3370. வெளிப்புறத்தைக் கண்ணால் பார்க்க முடியாத நிலத்தடித் தொட்டிகளைச் சோதிக்க அது சொல்லும் முறை பொறுமையின் இலக்கணம். நிரப்பிவிட்டு ஏழு நாள் சும்மா இரு, கான்கிரீட் குடிப்பதைக் குடிக்கட்டும். அதன் பிறகு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏழு நாள் மட்டத்தை அள. புதிய தொட்டிக்கே பதினான்கு நாள் கேட்கிறது விதி. பத்து நிமிடத் தீர்ப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கசிவு கண்டுபிடிக்க ஆளைத் தேடும்போது நான் முதலில் கவனிப்பது, அவர் என்ன கேட்கிறார் என்பதைத்தான். எவ்வளவு இறங்குகிறது, எத்தனை நாளாக, பம்பு ஓடியபோதா நின்றபோதா என்று கேட்டால் அவருக்கு வேலை தெரியும். அடுத்ததாக, கண்டுபிடிக்கும் கூலியையும் சரிசெய்யும் கூலியையும் தனித்தனியாகச் சொல்கிறாரா என்று பார்ப்பேன். உடைத்தால்தான் வருமானம் என்று இருப்பவரின் கண்ணுக்கு எல்லாக் குளமும் உடைக்க வேண்டிய குளமாகவே தெரியும். "லீக் இல்லை, வெயில்தான்" என்று சொன்னாலும் கூலி கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் உண்மையைச் சொல்வது சுலபம். எங்கே, எந்தச் சோதனையில், எத்தனை மி.மீ. என்று படத்தோடு எழுதித் தருவாரா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு கேள்வி: "சரிசெய்த பிறகு சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" இதற்குத் திருச்சிக்காரர் கையைக் காட்டியது படிக்கட்டில் இருந்த வாளியை.

அடைத்து இரண்டு நாள் கழித்து மறுபடி வாளி வைத்தோம். மறுநாள் காலை மச்சான் ஸ்கேலோடு குனிந்தார். வாளிக்குள் 7 மி.மீ. குளத்தில் 8. நிமிர்ந்தபோது முகத்தில் சந்தோஷம் முழுதாக இல்லை.

"இன்னும் ஒரு மி.மீ. போகுதே தம்பி?"

திருச்சிக்காரர் வாளியைத் தூக்கி அதன் வெளிக்கோட்டைக் காட்டினார். மார்க்கரால் மச்சானே போட்ட கோடு. "இந்தக் கோடே ஒரு மி.மீ. தடிமன் இருக்கு சார்" என்றார். "இதுக்குக் கீழ நானும் சத்தியம் பண்ண முடியாது, நீங்களும் பண்ண முடியாது. மெல்லிசா ஒரு பென்சில் கோடு போட்டு, நாலு நாள் விட்டுப் பாருங்க. அப்பவும் வித்தியாசம் வந்தா கூப்பிடுங்க."

மச்சான் பென்சில் தேடி உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் அந்தத் திருச்சிக்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.